ஈசிஜி பெட்டிக்கு டிரைவர் போட்ட மத்தியானம்

அன்னிக்கு அந்த ரூம்புல இருந்தவங்க இவங்கதான்.

கட்டில்ல எம்புருசன். சட்டையக் கழட்டிட்டுப் படுத்திருந்தாரு.

அவரு தலமாட்டுல நர்சம்மா. மலைக்குக் கீழ சேந்தமங்கலம் பக்கம், வெவசாயக் குடும்பத்துப் புள்ள. எனக்கு மக வயசு. ஆனா என்னைய அக்கான்னுதான் கூப்புடுவாங்க.

வாசப்படியில என் தம்பி. அவந்தான் பைக்குல இவர ஒக்கார வெச்சுக் கூட்டியாந்தவன்.

கம்ப்யூட்டரு முன்னால நான்.

போனுக்குள்ள ரெண்டு பேரு. கீழ இருக்கிற டாக்டரு ஒருத்தரு. சேலத்துல ஈசிஜி மிசினு விக்கிற கம்பெனி ஆளு ஒருத்தரு. அவங்களையும் சேத்துக்கணும். மூஞ்சி தெரியாட்டியும் அவங்களும் அங்கதான் இருந்தாங்க.

நான் அந்த ஆஸ்பத்திரியக் கூட்டித் தொடைக்கிறவ. மலை மேல, பல ஊரு சேந்த திண்ணனூர் நாட்டுல அது ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. ஒரு ஹாலு, ஒரு மருந்து ரூம்பு, பின்னால மேட்டுல தண்ணித் தொட்டி. அவ்வளவுதான். டாக்டரு வாரத்துக்கு ஒருக்கா மேல வருவாரு. மத்த நாளெல்லாம் நர்சம்மாதான். நான் ஆறாவது வரைக்கும் படிச்சவ. தமிழு படிப்பேன். இங்கிலீசுல எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க வராது. அந்தக் கம்ப்யூட்டரத் தெனமும் தூசு தட்டுவேன். ஆனா ஒரு நாளும் மவுசப் புடிச்சு நகத்துனது கெடையாது. ஒடஞ்சு போனா என்ன பண்றதுன்னு பயம்.

பங்குனி மாசம். மெளகு பறிச்சுக் களத்துல காயப் போட்டிருந்தோம். காலையிலயே இவரு நெஞ்சு கனமா இருக்குதுன்னாரு. ராத்திரி தின்ன மரவள்ளிக்கெழங்கு, வாயுன்னாரு. சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு மெளகு கெளறப் போயிட்டாரு. நான் வேலைக்கு வந்துட்டேன்.

மத்தியானம் தம்பி பைக்குச் சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து பாத்தா பின்னால இவரு. சட்ட பூரா நனஞ்சு ஒடம்போட ஒட்டிக் கெடந்துச்சு. மழ இன்னும் வரல. அது வேர்வ.

நர்சம்மா ஒரு பார்வதான் பாத்தாங்க. கட்டில்ல படுக்க வெச்சாங்க. டாக்டருக்குப் போன் போட்டாங்க. அவரு சொன்ன மாத்திரைய எடுத்து, மென்னு முழுங்குங்கன்னு இவரு வாயில போட்டாங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லியாச்சு. வண்டி வேற ஊருக்கு ஆள் ஏத்தப் போயிருக்குது, எறக்கிட்டுத்தான் மேல ஏறும்னாங்க.

"ஆம்புலன்சு எதுக்கு?" இவரு எந்திரிக்கப் பாத்தாரு. "மானம் இருட்டிக்கிட்டு வருது. மெளக அள்ளணும்."

"படுங்கண்ணா" நர்சம்மா நெஞ்சுல கை வெச்சாங்க.

"நான் எறங்க மாட்டேனுங்க. வாயுவுக்கு ஆம்புலன்சுல போனா ஊரு சிரிக்கும்."

அதுல ஒரு கத இருக்குது. எங்க பங்காளி ஒருத்தரு இதே மாதிரி நெஞ்சு வலின்னு சத்தம் போட்டு, ஊரே கூடி ஜீப்புல ஏத்தி விட்டுச்சு. கீழ பாத்துட்டு வாயுன்னு சொல்லி ஒரு மாத்திரையோட அனுப்பிட்டாங்க. அன்னியில இருந்து அவரு பேரே வாயுக்காரரு. அவரு மகளுக்கு மாப்பிள பாக்க வந்தவங்க கூட வாயுக்காரரு ஊடு எதுன்னு கேட்டுத்தான் வந்தாங்க. இவருக்கு அது மனசுல இருந்துச்சு.

"மிசினு சொல்லட்டும். நெஞ்சுல கோளாறுன்னு மிசினு சொன்னா எறங்கறேன். நீங்க சொன்னா எறங்க மாட்டேன்."

டாக்டரும் போன்ல அதத்தான் கேட்டாரு. ஈசிஜி எடுத்து போட்டோ அனுப்புங்கன்னாரு. அடைப்புன்னா சேந்தமங்கலத்துல நிக்கக்கூடாது, நேரா நாமக்கல்லு பெரிய ஆஸ்பத்திரி. அடைப்பு இல்லன்னா சேந்தமங்கலமே போதும். எங்க போறதுன்னு வண்டி ஏறுறதுக்குள்ள தெரியணும். தப்பான எடத்துல நின்னா அந்த நேரம் போச்சு, நேரம் போனா ஆளு போச்சு. இந்தக் கடைசி வார்த்தைய அவரு மெதுவாத்தான் சொன்னாரு. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு.

எனக்கு அழுக வரல. ரொம்பப் பயந்தா எனக்கு அழுக வராது. கை ரெண்டும் சில்லுன்னு ஆயிடும்.

எங்க ஈசிஜி மிசினு தனியா நிக்கிறது இல்ல. சின்னப் பெட்டி, டிபன் டப்பா அளவுக்கு. அதுல இருந்து பத்து ஒயரு நெஞ்சுக்கும் கை காலுக்கும் போவும். இன்னொரு ஒயரு கம்ப்யூட்டருக்குப் போவும். கோடு எல்லாம் கம்ப்யூட்டரு டிவியிலதான் தெரியும். நர்சம்மா ஒயர எல்லாம் ஒட்டுனாங்க. கம்ப்யூட்டரப் போட்டாங்க. அதுல ஈசிஜின்னு போட்ட சின்னப் படத்த அமுக்குனாங்க. இங்கிலீசுல ஒரு கட்டம் வந்து நின்னுச்சு.

"பெட்டி இல்லைங்குது."

"இங்கதான இருக்குது?" நான் பெட்டியத் தொட்டுக் காட்டுனேன்.

"அதுக்குத் தெரியலக்கா."

அப்புறந்தான் வெளங்குச்சு. அந்த வாரம் கம்ப்யூட்டர்ல வைரஸ்னு சொல்லி ஒரு ஆளு வந்து மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுட்டுப் போனாரு. ஈசிஜி படத்தையும் போட்டுக் குடுத்தாரு. பெட்டியச் சொருகிப் பாக்கல. நாங்களும் பாக்கல. அதுக்குள்ள நெஞ்சு வலின்னு யாரும் வரல.

நர்சம்மா தன் போன டாக்டருக்கு விட்டுட்டு, ஆஸ்பத்திரிப் போன்ல சேலத்துக் கம்பெனிக்குப் போட்டாங்க. அந்த ஆளு நல்ல மனுசன். வெசயத்தக் கேட்டதும் வேற பேச்சே பேசல. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு எடத்தத் தொறக்கச் சொன்னாரு. அங்க ஒரு வரி மேல மஞ்ச முக்கோணம், நடுவுல ஆச்சரியக்குறி.

"டிரைவர் இல்லீங்க" அப்படின்னாரு.

டிரைவர்ன்னா அது ஒரு சின்ன புரோகிராமு. பெட்டி சொல்றத கம்ப்யூட்டருக்குப் புரிய வெக்கிறது. அது இல்லன்னா ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஒக்காந்திருந்தாலும் பேசிக்காது. எங்க பங்காளிச் சண்ட மாதிரி.

சிடி இருக்குதான்னு கேட்டாரு. அலமாரியக் கொட்டிப் பாத்தோம். இல்ல.

"சரி, நெட்டுல அனுப்பறேன். பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும். அதுல கடைசி எழுத்து ஏ-வா பி-யான்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் டிரைவர் வேற வேற."

பெட்டியக் கவுத்துனேன். ஸ்டிக்கரு இருந்துச்சு. கடைசி எழுத்து இருக்க வேண்டிய எடம் வெள்ளையா இருந்துச்சு. தெனமும் ஸ்பிரிட்டு போட்டு அழுத்தித் தொடைச்சவ நானு. சுத்தமா இருக்கணும்னுதான் தொடைச்சேன். சன்னலோரம் வெச்சுச் சாச்சுப் பாத்தேன். நர்சம்மா டார்ச்சு அடிச்சுப் பாத்தாங்க. தம்பி மோந்து கூடப் பாத்தான்.

"மோந்து பாத்தா எழுத்து தெரியுமாடா மாப்ள?" கட்டில்ல இருந்து இவரு.

"நீங்க பேசாம படுங்க மாமா."

"பேசுனா வாயு எறங்கும்டா."

எழுத்து இல்லைன்னு கம்பெனி ஆளுகிட்டச் சொன்னோம். அப்புறம், "ரெண்டையும் போட்டுப் பாத்துருவோம். மொதல்ல ஏ" அப்படின்னாரு.

ஆஸ்பத்திரிக்குள்ள போனு பேச்சு வரும், நெட்டு வராது. நெட்டு வேணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கணும். தம்பி ஓடுனான். சேலத்துல இருந்து அவன் போனுக்கு அனுப்புனாங்க. அவன் எறக்கி, திரும்பி ஓடியாந்து, சார்ஜரு ஒயரப் போட்டுக் கம்ப்யூட்டர்ல சொருகுனான்.

அதுக்குள்ள இவருக்கு வாந்தி வந்துச்சு. நர்சம்மா தட்டம் புடிச்சாங்க. ஒரு கையி தட்டத்துல, ஒரு கையி நாடியில.

"அக்கா, நீங்க ஒக்காருங்க."

"எங்க?"

"கம்ப்யூட்டர்ல. எனக்குக் கை இல்ல. தம்பி தொட்டிக்கு ஓடணும். நீங்கதான்."

எனக்கு வராதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். இவரு மூஞ்சியப் பாத்தேன். வாய மூடிக்கிட்டேன். ஒக்காந்தேன்.

மவுசு ஈரமாயிடுச்சு. என் கையிதான். முந்தானையில தொடச்சிக்கிட்டேன். அம்புக்குறி எங்கெங்கயோ ஓடுச்சு. கோழி புடிக்கிற மாதிரி இருந்துச்சு, கிட்டப் போனா வெலகும். போன்ல கம்பெனி ஆளு, "மெதுவாங்கம்மா, மெதுவா" அப்படின்னாரு. என்ன தெரியுதுன்னு கேட்டாரு. எழுத்து எழுத்தாச் சொன்னேன். என், இ, எக்ஸ், டி. "அத அமுக்குங்க." அமுக்குனேன். பச்சைக் கோடு ஒன்னு எடது பக்கத்துல இருந்து வலது பக்கம் ஊந்துச்சு. அது ஊர்றப்ப மூச்சு விடக்கூடப் பயம்.

மஞ்ச முக்கோணம் மறஞ்சு போச்சு.

"வந்துருச்சு!" தம்பி கத்துனான்.

நர்சம்மா ஈசிஜியத் தொறந்தாங்க. பெட்டி இல்லைன்னு இப்பச் சொல்லல. கட்டம் கட்டமா வந்துச்சு, உள்ளார கோடு ஓடுச்சு.

நேராக் கோடு.

மேடு இல்ல, பள்ளம் இல்ல. ரூல் பென்சில் போட்ட மாதிரி நேரா. ஒரு கோடு இல்ல, எல்லாக் கோடும்.

சினிமாவுல பாத்திருக்கிறேன். கோடு நேராப் போனா என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். திரும்பி இவரப் பாத்தேன். இவரு கண்ணத் தொறந்து என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"என்ன புள்ள, செத்துட்டனா?"

நர்சம்மா ஒயர எல்லாம் ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்தாங்க. வேர்வையத் தொடச்சிட்டு மறுபடி ஒட்டுனாங்க. நேராத்தான் போச்சு. உசுரோட இருக்கிற மனுசன், பேசறாரு, கை சூடா இருக்குது, மிசினு இல்லைங்குது. மிசினு முன்கூட்டியே சொல்லுதோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த நெனப்ப யாருகிட்டயும் சொன்னதில்ல.

"அப்ப இது ஏ இல்லீங்க, பி" அப்படின்னாரு கம்பெனி ஆளு. "போட்டத மொதல்ல எடுக்கணும். எடுக்காம மேல போட்டா ரெண்டும் கொழம்பிக்கும்."

தம்பி மறுபடி தொட்டிக்கு ஓடுனான். நான் போட்டத எடுத்தேன். எடுக்கறதுக்கு, நெசமாவே எடுக்கணுமான்னு கேட்டுச்சு. ஒய், இ, எஸ். அமுக்குனேன். மஞ்ச முக்கோணம் திரும்பி வந்துச்சு. இவ்வளவு நேரம் பண்ணதெல்லாம் இல்லைன்னு ஆயிடுச்சு.

வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. காத்து நின்னு போச்சு. பலா மரத்துல ஒரு எல ஆடல. எங்களுக்குத் தெரியும், இப்படி நின்னா அடுத்து என்ன வரும்னு.

டாக்டரு போன் போட்டாரு. இன்னும் வரலையான்னு கேட்டாரு. நர்சம்மா பிரசரு எவ்வளவுன்னு சொன்னாங்க. அவரு ம்ம்ன்னாரு. நல்ல ம்ம்மா கெட்ட ம்ம்மான்னு தெரியல.

தம்பி வந்தான். தல நனஞ்சிருந்துச்சு. போன இடுப்புல சொருகி, மேல துண்டச் சுத்தியிருந்தான்.

"தொட்டி மேல நிக்கிறேன், அந்தப் பக்கம் மின்னலு வெட்டுதுக்கா."

ஒயரச் சொருகுனான். நான் அமுக்குனேன். பச்சைக் கோடு ஊர ஆரம்பிச்சுச்சு. கால்வாசி. அர.

அப்ப முழங்குச்சு. மலைக்கு மேல இல்ல, எங்க தல மேல. சன்னல் கண்ணாடி அதிருச்சு.

எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு. இடிச் சத்தம் கேட்டா மொத வேல பிளக்கப் புடுங்கறது. எங்க ஊடு, உங்க ஊடுன்னு இல்ல. பக்கத்து ஊட்டுல ஆளு இல்லைன்னா உள்ள பூந்து டிவி ஒயரையும் பிரிட்ஜு ஒயரையும் புடுங்கிப் போட்டுட்டு வருவோம். அத யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. புடுங்காம வந்தாத்தான் குத்தம். பச்சப் புள்ள கூட நடக்கப் பழகுறப்பவே அதப் பழகிடும். யோசன பண்றதில்ல. கண்ணு முன்னால கைய ஆட்டுனா எம சிமிட்டற மாதிரி, கையி தானாப் போவும்.

சுவிச்சுப் பலக, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல தாழ இருந்துச்சு. இவரு கையி கட்டிலுக்கு வெளிய தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

புடுங்கிட்டாரு.

கம்ப்யூட்டரு உய்யின்னு ஒரு சத்தம் போட்டு அணஞ்சு போச்சு. பச்சைக் கோடு போச்சு. டிவி கருப்பாயிடுச்சு. அதுல என் மூஞ்சி தெரிஞ்சுச்சு.

எல்லாரும் இவரத் திரும்பிப் பாத்தோம். இவருதான் பேசுனாரு.

"என்ன பாக்கறீங்க? நெஞ்சு பூரா ஒயரு. ஒயரு அந்தப் பக்கம் பிளக்குல. மேல மின்னலு. நான் கருகிப் போறதுக்கா?"

தம்பிக்குக் கோவம் வந்து வாயத் தொறந்தான். நர்சம்மா கையக் காட்டி நிறுத்துனாங்க. இப்ப இவருகிட்டச் சண்ட போடக்கூடாது. நெஞ்சு வேகமா அடிச்சிரும்.

"நல்லதுதாங்கண்ணா பண்ணீங்க" அப்படின்னாங்க. "ஆனா அந்தப் பெட்டி கரண்ட உள்ள விடாது. அதுக்குத்தான் அந்தப் பெட்டியே. இனி கைய வயித்து மேல வெச்சுக்குங்க."

"விடாதுன்னு யாரு சொன்னா?"

"படிச்சிருக்கிறேங்கண்ணா."

"படிச்சவங்க கீழ்நாட்டுல இருக்கீங்க. இடி இங்கதான் விழுவுது."

கம்பெனி ஆளு போன்லயே இருந்தாரு. நடந்ததச் சொன்னோம். அவரு பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. பாதியில நின்னா சில சமயம் கம்ப்யூட்டரே எந்திரிக்காதுன்னாரு. போட்டுப் பாருங்கன்னாரு.

சொருகுனோம். போட்டோம். கருப்பா நின்னுச்சு. வெள்ளை எழுத்து கொஞ்சம் வந்துச்சு. மறுபடி கருப்பு. ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் எங்க ஊரு சாமி பெருமாயிகிட்ட வேண்டிக்கிட்டேன். அறப்பளீசுவரரையும் கும்புட்டேன். சுத்துறத நிறுத்துன்னு வேண்டுறதா, சுத்தட்டும்னு வேண்டுறதான்னு தெரியல. ரெண்டையும் வேண்டிக்கிட்டேன்.

இவரு மூச்சு இப்ப வேற மாதிரி வந்துச்சு. பேச்சு கொறஞ்சு போச்சு. அதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பயம். பேசிக்கிட்டே இருக்கிற மனுசன் அவரு.

வட்டம் நின்னுச்சு. கம்ப்யூட்டரு எந்திரிச்சிருச்சு.

"பாதி போட்டத மொதல்ல எடுங்கம்மா. அப்புறம் மொத்தமாப் போடுங்க." கம்பெனி ஆளு கொரலும் தாந்திருச்சு.

எடுத்தேன். மறுபடி அமுக்கணும். வெளிய மழ கொட்டுது. சன்னல்ல வெளிச்சம் வெட்டி வெட்டிப் போவுது. கரண்டு எப்ப போவும்னு தெரியாது. கம்ப்யூட்டருக்குக் கீழ இருந்த பேட்டரிப் பெட்டி செத்து வருசமாச்சு. அது மேலதான் நான் தொடைக்கிற துணியக் காயப் போடுவேன்.

அடுத்த இடி விழுந்துச்சு. இவரு கையி வயித்து மேல இருந்து எந்திரிச்சிருச்சு. தூக்கத்துல புள்ள கை தேடுற மாதிரி. தப்புன்னு தெரிஞ்சு அவரே நிறுத்திக்கிட்டாரு. நெசத்தச் சொல்லணும்னா, என் கையும் எந்திரிச்சிருச்சு. தம்பி கையும் எந்திரிச்சிருச்சு. மூனு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டோம்.

நான் நாற்காலிய விட்டு எறங்குனேன். தரையில ஒக்காந்தேன். சுவிச்சுப் பலகைக்கு முதுகக் குடுத்து, பிளக்க முதுகால மறச்சுக்கிட்டேன். பிளக்கு முள்ளெலும்புல குத்துச்சு. மவுச மேல இருந்து இழுத்து, தரையில வெச்சேன். அண்ணாந்து டிவியப் பாத்தேன்.

"அக்கா, வேண்டாம்" தம்பி சொன்னான். மலைக்காரன். அவனுக்குத் தெரியும் நான் எங்க ஒக்காந்திருக்கிறேன்னு. இடி நேரத்துல எங்கூர்ல செவுத்துல சாயவே மாட்டாங்க.

"வண்டி வந்துச்சான்னு பாரு, போ."

அமுக்குனேன். பச்சைக் கோடு.

நடுவுல செவப்பா ஒரு கட்டம் வந்துச்சு. செவப்பு செவப்புன்னு போன்ல கத்துனேன். கம்பெனி ஆளு, "பயப்படாதீங்கம்மா, அது எங்க கம்பெனியத் தெரியாதுங்குது. ரெண்டாவது வரிய அமுக்குங்க" அப்படின்னாரு. ரெண்டாவது வரிய அமுக்குனேன். முக்கால். முழங்குச்சு. லைட்டு மங்கிச்சு. கோடு நின்னுச்சு. லைட்டு வந்துச்சு. கோடு ஊந்துச்சு. கண்ண மூடிக்கிட்டேன். பத்து வெரலும் காலு கட்ட வெரலும் இறுகிப் போச்சு. அந்த நேரத்துல எனக்குப் புருசன் நெனப்பு இல்ல, மிசினு நெனப்பு இல்ல. முதுகுல குத்துற பிளக்கு மட்டும்தான்.

"வந்துருச்சு அக்கா. கண்ணத் தொறங்க."

நர்சம்மா ஈசிஜியத் தொறந்திருந்தாங்க. கோடு ஓடுச்சு. மேடு, பள்ளம், மேடு. எங்க மலைய ஓரத்துல இருந்து பாத்த மாதிரி. அவ்வளவு அழகா ஒன்ன நான் பாத்ததில்ல. சந்தோசத்துல நர்சம்மாவப் பாத்தேன். அவங்க சிரிக்கல.

மேடு அப்படி இருக்கக்கூடாதாம். அது பின்னால தெரிஞ்சது. அப்ப அவங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பிரிண்டரும் எடுக்கல. அதுக்கும் டிரைவர் போட்டிருக்க மாட்டாங்க. நர்சம்மா டிவியவே போட்டோ எடுத்தாங்க. தம்பி போன வாங்கிக்கிட்டு மழையில தொட்டிக்கு ஓடுனான். கொஞ்ச நேரத்துல டாக்டரு பேசுனாரு. அடைப்பு. நடக்க விடாதீங்க. சேந்தமங்கலத்துல நிக்க வேண்டாம். நாமக்கல்லுக்கு நான் சொல்லிக்கிறேன்.

நர்சம்மா டிவிய இவரு பக்கம் திருப்புனாங்க.

"பாருங்கண்ணா. நான் சொல்லல. மிசினு சொல்லுது."

இவரு பாத்தாரு. அதுல அவருக்கு என்ன தெரிஞ்சுச்சோ.

"வாயு இல்லையா?"

"இல்லீங்கண்ணா."

"சரி." சன்னல் பக்கம் திரும்பி, "மாப்ள, மெளகு" அப்படின்னாரு.

"நனஞ்சு போச்சுங்க மாமா. போனா போவுது."

மொத தடவ அவரு கண்ணுல பயத்தப் பாத்தேன். அது வரைக்கும் நாங்க மட்டுந்தான் பயந்துக்கிட்டு இருந்தோம். அவரும் பயந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருந்துச்சு. இனி சொன்னா கேப்பாரு.

வண்டி வந்துச்சு. தூக்கி ஏத்துனாங்க. நர்சம்மா வர முடியாது, ஆஸ்பத்திரிய விட்டுட்டு. கதவு மூடுறப்ப எங்கையப் புடிச்சாங்க. அவங்க கையும் சில்லுன்னுதான் இருந்துச்சு. போன்ல கம்பெனி ஆளு இன்னும் இருந்தாரு. போயிட்டு வாங்கம்மான்னாரு. அவரு பேரு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

நாமக்கல்லுல அடைச்ச எடத்துல குழாய் வெச்சாங்க. பொழச்சுக்கிட்டாரு. அதெல்லாம் ஆஸ்பத்திரிக் கத, எல்லா ஊட்டுலயும் இருக்குது. நான் சொல்ல வேண்டியது எறங்குன வழி.

வண்டிக்குள்ள கூட வந்த ஆம்புலன்சுக்காரத் தம்பி மூக்குல காத்துக் குழாய் மாட்டி விட்டாரு. "தூங்க விடாதீங்கம்மா. பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க" அப்படின்னாரு. முப்பது வருசம் கூட வாழ்ந்திருக்கிறேன். பேச்சுக் குடுன்னா ஒன்னும் வரல. எங்க மலையில இருந்து கீழ எறங்க மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டி மொத வளைவுல திரும்புச்சு. ரெண்டு பேரும் ஒரு பக்கம் சாஞ்சோம்.

"ஏனுங்க, வளைவ எண்ணுங்க" அப்படின்னேன்.

"எதுக்கு?"

"எண்ணுங்க."

"ஒன்னு."

படுத்திருந்தவருக்கு வெளிய தெரியாது. தெரிய வேண்டியதில்ல. எங்க மலைக்காரங்களுக்கு பஸ்சுல தூங்கினாலும் ஒடம்பு சொல்லும். மழையில வண்டி மெதுவாப் போச்சு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவரு வாய் அசையும். சத்தம் பாதி வரும், பாதி வராது. நான் அவரு மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டு வாயவே பாத்துக்கிட்டு வந்தேன்.

முப்பத்தி மூனுக்கு அப்புறம் வாய் அசையல. வண்டி திரும்புச்சு. அசையல. இன்னொரு திருப்பம். அதுக்கு அடுத்ததும் போச்சு. கண்ணு மூடியிருந்துச்சு. கூப்புட்டேன். தொடையப் புடிச்சுக் கிள்ளுனேன். நல்லா, நகம் பதியக் கிள்ளுனேன்.

"முப்பத்தி அஞ்சு" அப்படின்னாரு, கண்ணத் தொறக்காமயே. "நீ எண்ணுனியா?"

"முப்பத்தி ஆறுங்க."

"அஞ்சு. நடுவுல வந்தது வளைவு இல்ல. சும்மா திருப்பம்."

"வளைவுதானுங்க."

"நான் பொறந்ததுல இருந்து எறங்கறேன். எனக்குச் சொல்லித் தாரியா?"

வண்டித் தம்பி திரும்பிப் பாத்தாரு. சண்ட போடட்டும்னு விட்டுட்டாரு. நான் விட்டுக் குடுத்தேன். முப்பத்தி அஞ்சு. அங்க இருந்து அவரு கணக்குப்படியே போனோம். அம்பது தாண்டுனதும் மழ விட்டுச்சு. அறுபது தாண்டுனதும் காத்துல சூடு வந்துச்சு, கீழ்நாட்டுச் சூடு. அவரு வெரலு என் கையில இருந்துச்சு. ஒவ்வொன்னுக்கும் ஒரு அழுத்து. அழுத்து வர்ற வரைக்கும் நான் மூச்சு விடல.

கடைசி வளைவுல வண்டி திரும்பி நேரா ஓட ஆரம்பிச்சுச்சு. கண்ணத் தொறந்து என்னையப் பாத்தாரு.

எழுபது.